இரண்டு வரி இலக்கமும் ஒரு மகனும்

மீசாலை
12.02.1989

அன்புள்ள மகன் தேவராசாவுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே உனக்குக் குளிர் அளவோடும் வேலை நிறைவாகவும் இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கனடா வரிக்கந்தோர் கொடுக்கும் இலக்கத்தைப் பற்றி நீ எழுதியதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு இலக்கம், சாகும்வரை மாறாது என்கிறாய். செத்த பிறகு அதை என்ன செய்வார்கள், வேறு ஆளுக்குக் கொடுப்பார்களா, பூட்டி வைப்பார்களா? கட்டாயம் விசாரித்து எழுது. எனக்கும் பங்கீட்டுக் கூப்பனில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சைக்கிள் லைசென்சில் ஒன்று என்று இலக்கங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவரும் என்னிடம் வருமான வரி கேட்டதில்லை. வருமானத்தின் இலட்சணம் அப்படி.

ஆனால் நீ பார்த்தது சிக்கலான வேலை. முதல் விண்ணப்பத்தில் எங்கள் வழக்கப்படி என் பெயரை முன்னுக்கும் உன் பெயரைப் பின்னுக்கும் எழுத, முன்னுக்கு உள்ளதுதான் ஆளின் பெயர் என்று உன்னைக் கனகலிங்கம் ஆக்கிவிட்டார்கள். பிறகு ஆரோ கூட்டாளியின் பேச்சைக் கேட்டுப் பெயரைத் திருப்பிப் போட்டு இன்னொரு விண்ணப்பம் அனுப்ப, தேவராசாவுக்கும் ஒரு இலக்கம் வந்துவிட்டது. இப்போது உழைக்கிறவன் ஒருவன், கணக்குக் காட்டுகிறவன் இன்னொருவன். இருவரும் ஒரே ஆள் என்று இங்கிருந்து சத்தியக் கடதாசி வராவிட்டால் அருந்ததியைக் கலியாணத்துக்கு அங்கே கூப்பிடுகிற அலுவல் நகராது.

இதை நான் சந்தையில் பகிடியாகச் சொல்ல, அது பஸ் ஏறி அளவெட்டிக்குப் போய்விட்டது. அருந்ததியின் தகப்பன் சோமசேகரம் விடியவே வந்து, தேத்தண்ணியையும் தொடாமல், "ரெண்டு பேரிலை ரெண்டு இலக்கம் வைச்சிருக்கிறவன் ரெண்டு குடும்பம் வைச்சிருக்கமாட்டான் எண்டு என்ன நிச்சயம்? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் ஐசே" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி, சமாதான நீதவானுக்கு முன்னால் சொல்கிறோம், நீரும் வந்து கேளும் என்று நானும் அம்மாவும் அவரையும் இழுத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனோம்.

நீதவான் பொன்னம்பலம் மாஸ்டர், நான் வாய் திறக்க முன்னமே, "நீர் சத்தியம் பண்ணினாலும் சனம் சிரிக்கும் காணும். பெத்த தாய் சொல்லட்டும்" என்றார். காலமெல்லாம் பகிடி விட்டதன் பலன். மகன்ரை பேர் என்ன என்று அம்மாவைக் கேட்டார். தேவராசா என்று அம்மா பட்டென்று சொன்னார். "கனடாக் கடதாசியிலை இருக்கிற மற்றப் பேரையும் சொல்லுங்கோ பிள்ளை" என்றார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் திரும்பவும் கேட்டார், சத்தமில்லை. சோமசேகரம் என்னை ஒரு பார்வை, அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்; சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். திடீரென்று மனுசன் கதிரையை விட்டு எழும்பி, "மாஸ்டர், விடுங்கோ. உது புருசன்ரை பேர், அதுதான் வாயிலை வருகுதில்லை. என்ரை மனுசி சோமவாரத்தைக்கூட என்ரை பேருக்குப் பயந்து திங்கட்கிழமை எண்டுதான் சொல்லுறவ. பெடியனிலை பிழையில்லை, இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?" என்று தானே சாட்சிக் கையெழுத்தையும் வைத்தார். திரும்பி வந்து தேத்தண்ணியும் குடித்தார், சீனி காணாது என்றும் சொன்னார்.

சத்தியக் கடதாசி இதனுடன் வருகிறது. இலக்கங்களில் ஒன்றை அழிப்பதானால் என் பெயரில் உள்ளதை அழிக்கச் சொல். அந்தப் பெயர் கனடாவில் உழைத்த அளவுக்கு மீசாலையில் ஒருநாளும் உழைத்ததில்லை, அதற்கும் ஓய்வு வேண்டும். நல்ல நாள் பார்க்கச் சோமசேகரம் சொல்லிவிட்டார். அருந்ததி வந்து தனக்கு இலக்கம் எடுக்கப் போகும்போது உன் முழுப்பெயரையும் கேட்பார்கள். மாமன் பெயரென்று வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டாம், நான் கோபிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்ல வைப்பது உன் கெட்டித்தனம்.

காதை மூடித் தொப்பி போடு. ஒன்றாகவும் ஒழுங்காகவும் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வரி இலக்கமில்லாமல் மீசாலையில் இருக்கும் ஐயா,
கனகலிங்கம்