முப்பது நாளுக்கு ஒருமுறை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கையேட்டுக் கட்டு வந்து சேர்ந்தது. பிழை பார்க்க உன் ஆபீஸில் ஆளே இல்லையா என்று கேட்க மாட்டேன். ஒரு காற்புள்ளி இடம் தப்பினாலும் எனக்குக் கண்ணை உறுத்தும். கான்வென்டில் சிஸ்டர்கள் பிரம்போடு நின்று கற்றுக்கொடுத்தது.

ஆனால் இது என்ன எழுத்து? ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் கோண அடைப்புக்குள் 'எச்சரிக்கை', 'படி', 'குறிப்பு' என்று ஒரு சொல். பத்தி முடிந்ததும் சாய்கோடு போட்டு அதே சொல் மறுபடியும். தடித்த எழுத்து இல்லை, அடிக்கோடு இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு எச்சரிக்கையைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறாய். பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நீ நான்கு முறை டிக்கெட்டை மாற்றிவிட்டாய். போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே எழுத்தில் கேட்கிறேன். எப்போது வருகிறாய்? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அம்மா


மார்ச் 15

அன்புள்ள அம்மா,

உங்கள் வட்டத்தைப் பார்த்து ஆபீஸே சிரித்தது. "பேசாம உங்கம்மாவையே வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கே" என்றார் மேலாளர்.

அந்த அடைப்புச் சொற்கள் கணினிக்காக. இது எச்சரிக்கை என்று நான் குறித்துவிட்டால் போதும். தடிமனையும் நிறத்தையும் அச்சாகும்போது அதுவே போட்டுக்கொள்ளும். எங்களிடம் பதினான்கு வகை ஆக்சிஜன் இயந்திரங்கள், பதினான்கு கையேடுகள். இதுவரை ஒன்றை நகலெடுத்து இன்னொன்றைச் செய்துவந்தோம். இனிமேல் பொதுவான பத்திகள் ஒரே இடத்தில் இருக்கும். அங்கே ஒருமுறை திருத்தினால் பதினான்கிலும் திருந்திவிடும்.

என்னோடு எழுதுகிற மூன்று பேருக்கும் என் மேல் கோபம். "நல்லா போயிட்டிருந்ததை ஏன்டி கிளறுற?" என்கிறார்கள். நானும் விடுவதாக இல்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை அம்மா. ஒரு கோப்பை முடித்ததும் அதையே மறுபடி திறந்து பார்க்கிறேன்.

ஜூனில் கட்டாயம் வருகிறேன். இரண்டாம் கட்டையும் அனுப்பியிருக்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் வாண்டு


மார்ச் 27

மகளுக்கு,

இரண்டாம் கட்டில், காற்று வடிகட்டியை "ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றவும்" என்று இருக்கிறது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று, அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை, நீ எழுதிய புத்தகத்தை, அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதே வாக்கியம், அதே வடிகட்டி எண். முப்பது நாள்.

எது சரி? ஒரு வரியில் பதில் போதும்.

அம்மா


ஏப்ரல் 8

மகளுக்கு,

அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "இன்னிக்கும் ஒண்ணுமில்லம்மா" என்று தபால்காரர் தெருமுனையிலிருந்தே கையை ஆட்டுகிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது.

அம்மா


ஏப்ரல் 11

அம்மா,

ஏழுதான் சரி.

முப்பதை ஏழாக்கச் சொல்லிச் சோதனைக்கூடத்திலிருந்து திருத்தம் வந்த அன்று, பதினான்கு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றியது நான்தான். பதின்மூன்றில் மாற்றினேன். விட்டுப்போனது வீட்டு உபயோகத்துக்கான மாடல். அப்பாவுடையது.

அப்பா போன மூன்றாம் வாரம்தான் பார்த்தேன். சத்தமில்லாமல் கோப்பைத் திருத்திவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அறைக்குள் எந்த முகத்தோடு நுழைவேன்? டிக்கெட்டை மாற்றியதெல்லாம் அதனால்தான். கட்டை உங்களுக்கு அனுப்பியதும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான். என் வாயால் சொல்ல வரவில்லை.

வாண்டு


ஏப்ரல் 20

மகளே,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நுரையீரல் முன்பே முடிந்துபோயிருந்தது என்றார் டாக்டர். வடிகட்டியை ஒழுங்காக மாற்றியிருந்தால் இன்னும் சில நாள் இருந்திருப்பாரா? நேற்று டாக்டரிடமே போய்க் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அது தெரியாமலேதான் நாம் இரண்டு பேரும் இருந்தாக வேண்டும்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இரண்டாம் வாரமே அந்த வடிகட்டி கறுத்துவிடும். "அம்மா, கரியா இருக்கு பாருங்க, மாத்திடலாமே" என்று அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் சொன்னாள். மாற்று வடிகட்டிகள் பெட்டி நிறைய இருந்தன. நான் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். "முப்பது நாள்னு போட்டிருக்கு. எழுதினது யாருன்னு தெரியுமா? என் பொண்ணு." உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "அச்சுல வந்துட்டா போதும், இவளுக்கு அது வேதம்."

கறுப்பை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் மாற்றவில்லை.

ஆகவே நீ மட்டும் அழாதே. அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது? அங்கேயும் என்னைப் போல ஒருத்தி விரலை வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். நீ கணினியில் எத்தனை திருத்தினாலும் அவள் கையில் இருக்கும் தாள் மாறாது. ஆபீஸில் சொல். உன் வேலைக்கு ஆபத்து என்று எனக்கும் புரிகிறது. இருந்தாலும் சொல்.

அதற்கு முன்னால் வராதே.

அம்மா


மே 29

அன்பு மகளுக்கு,

இன்று உன் ஆபீஸிலிருந்து உன் அப்பா பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் தயங்கினார். "குடுங்க, அவருக்கு வந்தா நான்தான் வாங்கணும்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"உங்கள் கையேட்டில் முப்பது நாள் என்று இருப்பது தவறு. வடிகட்டியை ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றவும். தவறு எங்களுடையது." கீழே உன் பெயர், உன் பதவி. பதவி இன்னும் இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நீ சொல்லியிருக்கலாம்.

பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வட்டம் போட ஒன்றும் இல்லை.

பிறகு நர்ஸ் பெண்ணுக்குப் போன் செய்து, "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி" என்றேன். "எதும்மா?" என்றாள். அவள் மறந்தே போயிருக்கிறாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜூன் டிக்கெட்டை மாற்றாதே. அப்பா அறையில் ஜன்னலோரமாக உன் கட்டிலைப் போட்டிருக்கிறேன். இன்னொரு கட்டில் என்னுடையது.

அம்மா