பக்கத்துக் கட்டில்

2007 செப்டெம்பர் 4, செவ்வாய்

மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போய் வந்தோம். வழமை போல ஜுனைதீன் நானாவின் வேன். பின் சீட்டில் அவருடைய மனைவி பீபி, நான், அண்ணன் ஒஸ்வல்ட். பீபிக்கும் அண்ணனுக்கும் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஒரே தனியார் நிலையத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அங்கே மெஷின் கொஞ்சம், நோயாளிகள் நிறைய.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அண்ணனின் கைக்கட்டைச் சிப்பாய் ஒருவன் அவிழ்க்கச் சொன்னான். ஊசி ஏற்றுவதற்காக ஒப்பரேஷன் செய்து பெருப்பித்த நரம்பு — தொட்டால் உள்ளே இரைந்துகொண்டு ஓடும். தொட்டவன் பாம்பைத் தொட்டது போலக் கையை இழுத்துக்கொண்டான். பீபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்து ஒரு ஃபெக்டரியையே அதட்டி வைத்திருந்தவர். அந்தக் கையை யாரும் பார்ப்பது பிடிக்காது.

வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த எடுத்து வைத்தேன். ஒன்றும் திருத்தவில்லை.

செப்டெம்பர் 9, ஞாயிறு

தேவாலயத்துப் பூசைக்குப் போகவில்லை. அண்ணன் குசினியில் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்ன கணக்குக்கு நான் அளந்து கொடுக்கிற தண்ணீர் போதவில்லையாம். “பிச்சக்காரன் மாதிரி தங்கச்சிகிட்ட தண்ணி கேக்கணுமா?” கத்தினார். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

செப்டெம்பர் 14, வெள்ளி

நிலையத்து மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். தனியார் வைத்திய நிலையங்கள் அனைத்தும் இனிப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். மாகாணத்திலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். நர்ஸ்மார் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, ஒருவருடைய நோய் இன்னொருவருக்குத் தொற்றாமல் வைத்திருக்கிறார்களா — எல்லாம் சரியாக இருந்தால்தான் பதிவு. இல்லாவிட்டால் பூட்டு.

“ஒங்ககிட்டயும் கேப்பாங்க. நல்லா நடக்குதுன்னு சொல்லுங்க. இத மூடினா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுக்கங்க.”

வேனில் இதே பேச்சு. “சட்டம் நல்லதுதானே டீச்சர்,” என்றார் ஜுனைதீன் நானா. நோன்போடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லதுதான்,” என்றார் அண்ணன். “நம்ம செத்த பொறகு ரொம்ப நல்லா நடக்கும்.”

செப்டெம்பர் 25, செவ்வாய்

பீபியின் கண்கள் மஞ்சளாக இருக்கின்றன. நோன்பு பிடிக்க முடியாத கவலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் என்கிறாள். வெயிலில் பார்த்தேன். கவலையில் வருகிற மஞ்சள் இல்லை அது.

ஒக்டோபர் 2, செவ்வாய்

இரத்தத்தின் வழியாகத் தொற்றுகிற ஈரல் நோயாம் பீபிக்கு. வெளியே எங்காவது தொற்றியிருக்கும் என்கிறார் மேனேஜர். வெளியே எங்கே? வீடு, வேன், இந்தக் கட்டில். இவ்வளவுதானே அவளுடைய உலகம்.

வேறு மெஷின் கிடையாது. இன்றைக்கும் அதே இடத்தில்தான் போட்டார்கள்.

ஒக்டோபர் 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இரத்தத்தை வடிக்கிற குழல் ஒன்று இருக்கிறது. அதைக் கழுவி, அதே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மேலே பெயர் ஒட்டியிருக்கும். இன்று நர்ஸ் இலட்சுமி அண்ணனுக்கு ஒன்றைப் பொருத்த எடுத்தாள். ஏதோ நினைவில் பார்த்தேன். பீபியின் பெயர்.

“மிஸ்!” என்று கத்திவிட்டேன். அவள் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. மாற்றினாள்.

பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத்தன கட்டிலுக்கும் நான் ஒருத்தி டீச்சர். எல்லாத்தையும் ஒரே சிங்க்லதான் கழுவுறேன். இன்னொரு ஆளு போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. சொல்லிராதீங்க.”

பீபி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். “வாய மூடிக்கிட்டு இரு. அத மூடினா நான் எங்க போறது?” என்றார்.

ஒக்டோபர் 7, ஞாயிறு

இன்று பூசைக்குப் போனேன். ஒன்றும் காதில் விழவில்லை.

நான் பார்த்தது ஒரு தடவை. பார்க்காதது எத்தனை? ஜூன் மாதம் செத்துப்போன மனுஷன் — மூலைக் கட்டிலில் இருந்தவர் — அவருக்கும் கண் மஞ்சளாகத்தானே இருந்தது? சொன்னால் அண்ணனுக்கு மெஷின் இல்லை. சொல்லாவிட்டால்? யாருக்கு, எப்போது?

ஜுனைதீன் நானாவுக்காவது சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை வரும்போது பீபி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒக்டோபர் 16, செவ்வாய்

வந்தார்கள். மாகாணத்திலிருந்து ஒரு லேடி டொக்டர், கூட இரண்டு அதிகாரிகள். அண்ணனும் பீபியும் மெஷினில் இருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அந்த டொக்டர் என்னிடம் வந்து சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: நீங்கள் ஒவ்வொரு முறையும் கூட இருக்கிறீர்கள், சரியில்லை என்று எதையாவது கண்டீர்களா?

மேனேஜர் கதவடியில். இலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு.

இல்லை என்றேன். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றேன்.

அவர் திரும்பிப் போகும்போது, ஊசி இல்லாத கையைத் தூக்கி அண்ணன் கூப்பிட்டார். சிங்களத்திலேயே, பழைய ஃபெக்டரிக் குரலில் பேசினார். “தங்கச்சி பயத்தில் சொல்கிறாள். இந்தப் பெண்ணின் குழலை எனக்குப் போடப் பார்த்தார்கள். அவள் கண்டாள். நர்ஸ் மேல் பிழை இல்லை, ஒரு ஆள் எத்தனையைப் பார்க்கிறது? இந்தப் பெண்ணுக்கு நோய் இங்கேதான் வந்தது. போய் அந்த சிங்க்கைப் பாருங்கள்.”

அவருடைய இரத்தம் அந்த மெஷினில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, அப்போதும்.

பீபி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வரும் வழியில் பீபி எல்லாவற்றையும் சொன்னாள். அலவத்துகொடையில் வேனை நிறுத்தி இறங்கி, ரோட்டோரம் போய் நின்றார் ஜுனைதீன் நானா. திரும்பி வந்து கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே கேட்டார்: “தெரிஞ்சிக்கிட்டா டீச்சர் இவ்வளவு நாளும் எங்களோட வந்தீங்க?”



ஒக்டோபர் 17, புதன்

“வாய மூடுன்னு சொன்னது நீங்கதானே? அப்புறம் ஏன்?”

“நீ பொய் சொன்னப்ப அந்தப் புள்ள பீபி ஒன்னயவே பாத்துக்கிட்டு இருந்திச்சு. நீ சொல்றத நம்பிக்கிட்டு. எனக்குப் பார்க்க ஏலாமப் போச்சு.”

“இப்ப எங்க போறது?”

“தெரியாது.”

தெரியாதாம். அவர் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நாளைக்கு மூச்சு வாங்கினால் ஓடப்போவது யார்? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் — அதுவும் தெரியும் எனக்கு.

ஒக்டோபர் 23, செவ்வாய்

பூட்டிவிட்டார்கள். குறைகளைத் திருத்திப் பதிவு எடுக்கும் வரைக்கும் நடத்தக்கூடாது என்று உத்தரவு. வாசலில் மற்ற நோயாளிகளின் ஆட்களும் நின்றார்கள். ஒரு பெண் என் முகத்துக்கு நேரே, “நல்லா இருப்பீங்களா?” என்றாள். அவளுடைய அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

ஒக்டோபர் 26, வெள்ளி

அந்த லேடி டொக்டர் எங்களைக் கைவிடவில்லை. பேசி, எங்கள் எல்லோரையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் நுழைத்துவிட்டார். இருக்கிறவர்களின் நேரத்தில் பிய்த்துத்தான் தரவேண்டும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவை. பீபிக்கு, அந்த நோய் உள்ளவர்களுக்கென்று தனியாக இருக்கிற மெஷின்.

காலையில் வேன் வருமா என்று தெரியாமல் வாசலில் நின்றோம். வந்தது. “ஏறுங்க,” என்றார் ஜுனைதீன் நானா. வேறு பேச்சில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

தண்ணீர் சேர்ந்து வீங்கி, அண்ணனின் கால் செருப்புக்குள் போகவில்லை.

நவம்பர் 29, வியாழன்

உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தண்ணீர் கேட்பதில்லை இப்போது. கேட்டுச் சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை என்றிருக்கிறது.

டிசம்பர் 6, வியாழன்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அண்ணனுக்கு அந்த நோய் இல்லை. பள்ளிக்கூடத்து டொய்லட்டில் நின்று அழுதேன்.

பின்னேரம் பீபியைப் பார்க்கப் போனேன். சொல்வதா, விடுவதா என்று இருந்தது. அவளே கேட்டாள். சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ். ஒருத்தராச்சும் தப்பினீங்களே.” கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையும் மஞ்சள். “நீங்க பாத்தத செல்லாம ஈந்ததுக்கு எனக்குக் கோவந்தான் டீச்சர். நாலஞ்சு நாள் நல்லாக் கோவிச்சன். பொறகு யோசிச்சன் — எங்கட வீட்டாளுக்குன்னா நானும் பேசாமத்தான் ஈந்திருப்பேன்.”

திட்டு வாங்கியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

2008 ஜனவரி 13, ஞாயிறு

பீபி மௌத்தாகிவிட்டாள். இன்று காலை.

அண்ணன் தானும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். த்ரீவீலில் கொண்டுபோனேன். வாசலில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஜனாஸாவைத் தூக்கும்போது எழும்ப முயன்றார், முடியவில்லை. கதிரையின் கையைப் பிடித்தபடி பாதி எழும்பிய நிலையிலேயே நின்றார், எல்லோரும் தெருவுக்குப் போகும் வரை.

அடக்கிவிட்டு வந்த ஜுனைதீன் நானா அவர் பக்கத்தில் குந்தினார். “இந்தச் சட்டம் ஒரு ரெண்டு வருஷம் முந்தி வந்தீந்தா...” என்றார். முடிக்கவில்லை. அண்ணன் அவருடைய தோளில் கை வைத்தார். அந்தக் கையைத்தான் — யாருக்கும் காட்டாத கையை.

பெப்ரவரி 12, செவ்வாய்

நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். பதிவு கிடைத்துவிட்டது. கழுவும் இடம் இரண்டு, தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறையில் தனி மெஷின், இலட்சுமியோடு இன்னும் இரண்டு நர்ஸ்மார். மேனேஜர் எங்களைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தடவைக்கு எடுக்கிற காசு கூடியிருக்கிறது. எப்படியாவது பார்க்கவேண்டும்.

பஸ்ஸில் போகத்தான் நினைத்திருந்தோம். காலையில் வாசலில் ஹோர்ன்.

“நீங்க ஏன் நானா கஷ்டப்பட்டு...”

“செவ்வாக்கெழம வூட்டுல ஈந்து நான் என்ன செய்ய? ஏறுங்க.”

பெப்ரவரி 22, வெள்ளி

அண்ணனுக்குச் செருப்புப் போகிறது. இன்று தண்ணீருக்குச் சண்டை.

மார்ச் 7, வெள்ளி

நாவுலயிலிருந்து ஒரு புதுப் பெண், சுந்தரம்மா. மரக்கறித் தோட்டம் செய்கிறவள். புருஷன் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டானாம். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் பயந்துபோய் நின்றவளை நானாதான் விசாரித்து வேனில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவளுக்குக் கிடைத்தது அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில். ஊசியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நான் எழும்பப் போனேன். அதற்குள் அண்ணன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினார்.

“தொட்டுப் பாருங்க. பயப்படாதீங்க. உள்ள ஓடுதா? அதுதான் நம்மள வச்சிருக்கிறது.”

அவள் ஒரு விரலால் தொட்டாள்.

“வலிக்குமாண்ணே?”

“முதல் ஊசி வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். நான் இங்கதான் கெடப்பேன், எங்கயும் போக ஏலாது.”

அவள் சிரித்துவிட்டாள். இலட்சுமி குழலைக் கொண்டுவந்து அவளுடைய பெயரை உரக்க வாசித்தாள். “ஆமா, நான்தான்,” என்றாள் சுந்தரம்மா, பள்ளிக்கூடத்தில் டாப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்கிற பிள்ளை மாதிரி.

அவர்கள் இரண்டு பேரும் ஏதோ தேயிலையைப் பற்றியும் போஞ்சியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போது என்று தெரியாது, கதிரையிலேயே தூங்கிப்போனேன். எல்லாம் முடிந்த பிறகு நானா வந்துதான் எழுப்பினார்.