அப்பா, இங்கே கிரீஸ் வேண்டாம்

குளுவாங், ஜொகூர்
12 அக்டோபர் 2025, ஞாயிறு

என் அன்பு மகள் ஜெரால்டினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் உன்னைத் திருச்சி வெயிலிலும் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாதாமாதம் அம்மா உனக்கு எழுதும்போது, அப்பாவும் கேட்டார் என்று போட்டுவிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். நீ கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. நானே உட்கார்ந்து எழுதுகிற முதல் கடிதம் இதுதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்ற தமிழ், பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே படி.

டிசம்பர் எட்டாம் தேதி முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கிற நாள், அப்பா கட்டாயம் வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தாய். அம்மா அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்தேன், பதில் சொல்லவில்லை. மறுநாளும் அதே இடத்தில் வைத்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் கடிதத்தோடு சாப்பாட்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். இருப்பது ஒரே பிள்ளை, அதையும் கொடு என்று கேட்டால் எப்படிப் பதில் எழுதுவது?

பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் போன வாரம் பட்டறையில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தைப் புரட்டிக் கடைசிக்குப் போகாதே, நீ போவாய் என்று எனக்குத் தெரியும்.

கமலநாதன் அண்ணனின் வண்டி மறுபடியும் நம் பட்டறைக்கு வந்தது. உனக்கு வருகிற கடிதங்களை மடத்துத் தலைவி மதர்தான் முதலில் படிப்பார்கள் என்று அம்மா சொன்னாள். அப்படியானால் மதருக்கு என் வணக்கம். மதர், அது வீடு மாதிரியான பெரிய வண்டி. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. நிறுத்திய இடத்தில் பட்டனை அழுத்தினால் ஒரு பக்கத்துச் சுவர் கட்டிலோடு சேர்ந்து மேசை இழுப்பறை போல வெளியே நீளும், உள்ளே நடமாட இடம் கிடைக்கும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த அறையை நாங்கள் ஸ்லைட் என்போம். அது பாதியில் நின்றுவிட்டால் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதைச் சரியாகப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களை ஜொகூர் முழுக்க ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று இப்போது உங்கள் மடத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறது. அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

பாப்பா, கமலநாதன் அண்ணன் சிங்கப்பூர்த் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவரும் ராசம்மா அக்காவும் அந்த வண்டியில்தான் சுற்றுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் சாஆ ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அக்காவின் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் பள்ளமான மண்பாதையில் வண்டியை நிறுத்தி, ஸ்லைடை நீட்டி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் டயரைத் தொட்டதும் வண்டியை மேட்டுக்கு ஏற்றலாம் என்று பட்டனை அழுத்தினால், அறை பாதி வந்து கோணிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை, அறையை நீட்டிக்கொண்டு ஓட்டவும் முடியாது. அண்ணன் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தினாராம், பிறகு கத்தினாராம். எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், அந்தப் பள்ளத்தில் லைன் கிடைக்கவில்லை.

ராசம்மா அக்காதான் துணி அலமாரியைத் திறந்திருக்கிறார். கதவின் உள்பக்கம் நீ பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய தாள் இருந்திருக்கிறது. ஸ்லைட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் நான்கே வரி, பக்கத்தில் படம். எந்தச் சுவிட்சை அடைப்பது, மோட்டாரின் பிரேக்கை எந்தப் பக்கம் தள்ளுவது, கைப்பிடியை எங்கே செருகுவது, எந்தத் திசையில் சுற்றுவது என்று எல்லாம் அதில் இருந்ததாம். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் தலையணை அளவு இருக்கிறது. அதை அந்த மழையில் யார் படிப்பது? அக்காவுக்கு முழங்கால்தான் போய்விட்டது, கைக்கு ஒரு குறையும் இல்லை. உன் தாளைப் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறார். அறை ஒரு சாண் மிச்சம் வைத்து உள்ளே வந்துவிட்டது. அந்த ஒரு சாணை லோரியில் சாமான் கட்டுகிற பட்டியால் இழுத்துக் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு யோங் பெங் வந்து, ஆயர் ஈத்தாமில் பானைக் கடைக்கு வந்த கூட்டமெல்லாம் வேடிக்கை பார்க்க, குளுவாங் வந்து சேர்ந்தார்கள்.

வண்டியைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் உன்மேல் பழி போட்டதுதான். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மகள் போட்ட ஒயரிங்தான் போயிருக்கும், சின்னப் பிள்ளை வேலைதானே என்று வெல்டிங் மதிவாணனிடம் நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் மீட்டரை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு மோட்டாருக்கும் கரண்ட் சுத்தமாக வந்தது. ஒரு முனையில்கூடத் துரு இல்லை. இடது, வலது என்று ஒவ்வொரு ஒயருக்கும் நீ கட்டிய சீட்டு அப்படியே இருந்தது. வண்டியைச் செய்து விற்ற வெள்ளைக்காரன் ஒயரை நூடல்ஸ் மாதிரி திணித்திருந்தான், நீ அதைத் தலைவாரிப் பின்னிவிட்ட மாதிரி வைத்திருக்கிறாய்.

பிறகு கீழே படுத்தேன். அறை ஓடுகிற தண்டவாளத்தில் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கல் மாதிரி விழுந்தது. கிரீஸும் செம்மண்ணும் செம்பனை நாரும் சேர்ந்து காய்ந்த களி அது. பல்சக்கரம் ஒரு பக்கம் அதில் ஏறிக்கொண்டு திரும்ப மறுத்திருக்கிறது. ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி அறை கோணிக்கொண்டதும் மேலே ரப்பர் கிழிந்திருக்கிறது.

அந்த கிரீஸ் யார் போட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் இருவரும் இதற்காக எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறோம். அப்பா, இது டிராக்டர் இல்லை, இதில் பிசுக்கு இருந்தால் மண் ஒட்டும், காய்ந்து போகிற ஸ்பிரேதான் அடிக்க வேண்டும் என்பாய். நீ பிறக்கிறதுக்கு முன்னாலேயே தோட்டத்து டிராக்டருக்கெல்லாம் கிரீஸ் அடித்தவன் நான் என்பேன். நீ போன அடுத்த வருடம் இந்த வண்டி சர்வீஸுக்கு வந்தது. தடுக்க ஆள் இல்லை. கை நிறைய அள்ளி அப்பினேன். உண்மையைச் சொன்னால், உன்மேல் இருந்த கோபத்தில் இன்னும் ஒரு கை கூடவே அப்பினேன்.

மதிவாணன் டீசலில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். தண்டவாளத்துக்கு மேலே இரும்புச் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தான். எழுத்து வந்தது. அவன் சத்தமாகப் படித்தான்:

“அப்பா, இங்கே கிரீஸ் வேண்டாம்.”

அவன் சிரிப்பான், திட்டலாம் என்று தயாராக இருந்தேன். அவன் சிரிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டான். நான் அப்படியே மல்லாந்து படுத்திருந்தேன். அந்த எழுத்தின் மேலேயே கையை வைத்து கிரீஸ் அப்பியிருக்கிறேன், பார்க்கவில்லை. என் கைக்குத்தான் வேலை தெரியும், கண் அதன் பாட்டுக்கு இருக்கும்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ அந்த வண்டியில் வேலை செய்தது நவம்பரில். மடத்துக்குப் போகப் போகிறேன் என்று எங்களிடம் சொன்னது கிறிஸ்துமஸ் முடிந்து. பட்டறையிலேயே இருக்கப் போகிறவளாக இருந்தால் வாயால் சொல்லியே என்னைத் தடுத்திருப்பாய், இரும்பில் எழுத வேண்டியதில்லை. அப்படியென்றால் நீ எழுதும்போதே முடிவு செய்துவிட்டாய். எங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு, போன பிறகு அப்பா என்ன தவறு செய்வார் என்று யோசித்து, வண்டிக்கு அடியில் படுத்து எழுதியிருக்கிறாய். திடீரென்று எங்களை உதறிவிட்டுப் போனாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாப்பா, அது தப்பு. அப்பா தப்பாக நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் முறைப்படியே எல்லாம் செய்தேன். இரண்டு தண்டவாளத்தையும் கழற்றிப் பல் பல்லாகச் சுத்தம் செய்தோம். உன் எழுத்தில் ஒரு புள்ளிகூட அழியாமல் நானே துடைத்தேன். அறையை நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடும்படி போல்ட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பித் திருப்பி இரண்டு நாள் போனது. புது ரப்பர் போட்டு, வெயிலில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நீ செய்கிற மாதிரி முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவினேன். அம்மாவின் டப்பா காலி. காய்ந்து போகிற ஸ்பிரே மட்டும் அடித்தேன். பட்டனை அழுத்தினால் அறை பூனை மாதிரி சத்தமில்லாமல் போகிறது, வருகிறது. பதினொரு தடவை போட்டுப் பார்த்தேன். கூரையில் அரை மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினோம். உள்ளே விரித்த பேப்பர் கொஞ்சமும் நனையவில்லை. அறுபத்திரண்டு வயதில் எனக்கும் ஸ்லைட் வேலை வந்துவிட்டது, நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

வண்டியை எடுக்க வந்த ராசம்மா அக்கா நேராக என்னிடம் வந்து, தாள் எழுதிய பிள்ளை எங்கே, அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றார். உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். நீ போனதிலிருந்து கேட்கிறவர்களிடமெல்லாம், மகள் மேல்படிப்புக்கு இந்தியா போயிருக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தேன். கோயிலில் தெரிந்தவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் அந்தக் கதைதான். அம்மா பக்கத்தில் நின்றால் தரையைப் பார்த்துக்கொள்வாள். அன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், வேறு வந்தது.

“என் மக கன்னியாஸ்திரி ஆகப்போறாக்கா. டிசம்பர் எட்டாந்தேதி வார்த்தைப்பாடு. நானும் போறேன்.”

என் குரல் பட்டறைக்கு வெளியே தெருவரைக்கும் கேட்டது என்று மதிவாணன் பிறகு சொன்னான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அவர்கள் கிளம்பும்போது மதிவாணன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான், அம்மா ஓடிவந்து மாதா கோயில் தீர்த்தம் தெளித்தாள். ஒரு வண்டிக்கு இரண்டு பாதுகாப்பு. வண்டி மூலை திரும்புகிறவரை நான் வாசலில் நின்று பார்த்தேன். போகிறது யார் வேலை தெரியுமா என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திக் கேட்க வேண்டும் போல இருந்தது.

ஆக, நீ ஆகஸ்டில் கேட்டதற்குப் பதில் தெரிந்துவிட்டது. டிசம்பர் ஐந்தாம் தேதி நானும் அம்மாவும் கே.எல்.லிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறுகிறோம். அம்மா புதுப் புடவை எடுத்து, கட்டிப் பார்த்து, மடித்து வைத்து, மறுபடி கட்டிப் பார்க்கிறாள். எனக்கும் ஒரு கோட்டு தைக்கச் சொல்லியிருக்கிறாள். கோட்டுப் போட்டால் நான் மாப்பிள்ளை வீட்டு டிரைவர் மாதிரிதான் இருப்பேன், உன் மடத்துச் சகோதரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, பாப்பா. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை வைத்தேன்.

நீ புறப்பட்ட காலையில் அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். நான் பட்டறையில் ஒரு பள்ளிக்கூடப் பேருந்துக்கு அடியில் படுத்திருந்தேன். போல்ட் கழலவில்லை, வர முடியாது என்று உள்ளிருந்தே சொன்னேன். போல்ட் எப்போதோ கழன்று என் கையில் இருந்தது. உன் காலின் கறுப்புச் சப்பாத்து பின்டயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாய். சப்பாத்து ரொம்ப நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போனது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். நான் நீட்டவில்லை.

எட்டாம் தேதி நீ பீடத்துக்குப் போவதற்கு முன்னால், ஒரே ஒரு நிமிடம் என்முன் வந்து நில். நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, உன் வெள்ளை உடையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சிலுவையை நான் போட வேண்டும். போடாமல் உன்னை ஆண்டவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து கொடு, பாப்பா.

உன்னை ஆசீர்வதிக்க வருகிற
அப்பா,
சந்தனசாமி