ஷர்மினியின் தாய்மாமன்

மாசாய்
4.5.2025

அன்புள்ள தம்பி ஹேமநாதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம்தானே? நீ ஓயாமல் அனுப்பும் உன் குழுத் தலைவரின் வீடியோக்களைத் தாங்க முடியாமல்தான் உன்னை பிளாக் செய்தேன். இப்போது தபால் தலைக்குச் செலவு!

வரும் 25ஆம் தேதி, ஞாயிறு, உன் மருமகள் ஷர்மினிக்குக் காது குத்து. தாய்மாமன் நீ மடியில் வைத்தால்தான் ஊசி. நான் பேக்டரிக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, நம் காக் ரோஹானி, பாயசத்துக்கு இப்போதே முந்திரி வாங்கிவிட்டார். வந்துவிடு ராஜா.

அன்புடன்,
யோகேஸ்வரி

ரெங்கம்
10.5.2025

அக்காவுக்கு,

அந்த ஞாயிறு எங்கள் குழுவின் கூட்டம். தலைவர் சொல்வது உனக்குப் புரியாது. "முஸ்லிம்கள் சிரிச்சுப் பேசுவாங்க, ஏமாந்தா நம்ம பிள்ளைங்களயே கொண்டு போயிடுவாங்க" என்கிறார். நீயோ பிள்ளையையே அந்த வீட்டில் விடுகிறாய். ரோஹானி வந்தால் நான் வரமாட்டேன்.

ஹேமநாதன்

மாசாய்
16.5.2025

அடேய் தம்பி,

பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தபோது கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் காக் ரோஹானி. உன் தலைவரா வந்தார்? கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அவர் மகன் ஹபிஸும் உன்னைப் போலத்தான். எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு, இந்துக்கள் வீட்டுப் படி ஏறமாட்டானாம். அவன் உன் ஊருக்குப் பக்கத்தில் குளுவாங்கில் வேலை செய்கிறான். "உன் தம்பிய ஏத்திட்டு வந்து வாசல்ல இறக்கிட்டுப் போகட்டும் லா" என்று அவன் அம்மா உத்தரவு போட்டாயிற்று. ஞாயிறு காலை கார் வரும். நீ ஏறாவிட்டால் காது குத்தவே மாட்டேன். மூளிக் காதோடு வளரட்டும்!

அக்கா

ரெங்கம்
27.5.2025

என் அன்பு அக்காவுக்கு,

நீ பிளாக்கை எடுத்துவிட்டாய், ஆனாலும் போனில் சொன்னால் சிரிப்பு வந்து பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்குப் பயந்துதான் காரில் ஏறினேன். கூலாய் வரைக்கும் நானும் ஹபிஸும் வாயைத் திறக்கவில்லை. அங்கே பேய் மழை. ஓரம் கட்டினோம். அவன் அண்ணன் என்று கூப்பிட்டு மெல்லக் கேட்டான்: "அபாங், எங்கம்மா உங்க வீட்டுல சாப்பிட்டா மதம் மாத்திடுவீங்களாமே?"

அலமாக்! அவன் போனை வாங்கி, அப்படிச் சொன்னவனின் வீடியோவைக் கேட்டேன். எங்கள் தலைவர் பேச்சேதான் அக்கா! ஆளும் மொழியும்தான் வேறு. அதே "சிரிச்சுப் பேசுவாங்க, ஏமாறாதே." என் போனில் இருந்ததை அவனுக்குச் சொன்னேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஊசி பட்டதும் ஷர்மினி என் மடியில் வீறிட்டாளே, வாசலோடு போகிறேன் என்றவன் செருப்போடு உள்ளே ஓடிவந்து காக் ரோஹானியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தாயா!

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று நேற்றுக் குழுவில் கேட்டார்கள். "மருமகளுக்குக் காது குத்தினோம். அவ போட்ட சத்தத்துல இனிமே உங்க பேச்சு எனக்குக் கேட்காது" என்று சொல்லி விலகிவிட்டேன்.

இப்படிக்கு,
ஷர்மினியின் தாய்மாமன்