புதைத்த சாம்பலுக்கு வந்த கிராக்கி

அம்மாவுக்கு, நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரே கூத்து. நிலக்கரி எரித்த சாம்பலைச் சீந்துவாரில்லை என்று போன வருடம் குழிவெட்டிப் புதைத்தோம். இப்போது நிலக்கரியைக் கைவிட்ட நாடுகள், சிமெண்டில் கலக்கச் சாம்பல் கிடைக்காமல் எங்களிடம் கேட்கின்றனவாம். வேறொரு நாட்டிலோ இன்னும் மலைமலையாகக் கொட்டுகிறார்களாம்.

"இது குப்பையா, சரக்கா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? தோண்டுப்பா!" என்றார்.

நான் புதைத்ததை நானே தோண்டுகிறேன். நேற்று இடுப்புவரை சாம்பலுக்குள் புதைந்துவிட்டேன், தூக்கிவிட்டார்கள், பயப்படாதே.

மூக்கில் கட்ட உன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே தரும் துணியில் ஒரு வாசனையும் இல்லை.

வண்டி வந்துவிட்டது. என் கட்டில் சும்மாதானே கிடக்கிறது, அக்காவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை அம்மா. கொஞ்சநாள் அப்படியே கிடக்கட்டும்.

உன் மகன்