கசக்காத பதினொரு செடிகள்

மார்ச் 4

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்திலாவது நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நான் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, அங்கிருந்து வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பீர்களா? இப்போது எழுந்து வேலைக்குப் போகிறேன். காலையிலிருந்து பசுமைக்குடிலில் நின்று, ஒவ்வொரு வெள்ளரி நாற்றிலும் விதையிலையின் ஓரத்தைக் கிள்ளிக் கடித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. ‘ஆடு மேயுது’ என்று துறையில் வழக்கமான கேலி.

விஷயத்துக்கு வருகிறேன். காட்டு வெள்ளரியோடு கலந்ததில், சாம்பல் நோயைத் தாங்குகிற செடியெல்லாம் கசந்து தொலைக்கிறது என்பதுதானே ஆறு வருஷமாக நம் தலைவலி? நோய் தாங்கும் குணமும் கசப்பும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைகள் என்று நீங்கள்தான் மாணவர்களுக்குச் சொல்வீர்கள். பிரிந்துவிட்டன! நோயைத் தாங்கி நிற்கிற பதினொரு செடிகள் துளிக்கூடக் கசக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் இலையைக் காயவைத்து இதோடு அனுப்புகிறேன். இலையைக் கடிக்காமலே கசப்பைக் கண்டுபிடிக்கும் உங்கள் புதுச் சோதனையில் போட்டுப் பாருங்கள்.

வேறென்ன? காபிப்பொடிக் கடைக்காரர் எதையோ கலந்து விற்கிறார். காபி வெறும் தண்ணீராக இருக்கிறது. அந்த ஊர் வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் கேட்டிருக்கிறீர்களாமே. உங்கள் அக்கா சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உங்கள் அறைக்கும் சமையலறைக்கும் நடந்தே தரை தேய்கிறது.

வாயாடி


மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

நீ காய்ச்சலை மறைத்தது தப்பு. நான் ஒப்பந்தத்தை மறைத்தது அதைவிடத் தப்பு. கிடைக்குமா என்றே தெரியாத ஒன்றைச் சொல்லி எதற்குச் சண்டை என்று இழுத்தடித்துவிட்டேன். அக்காவுக்கு வாயில் எதுவும் தங்காது என்பதை மறந்துபோனேன்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. இலைகளைச் சோதித்தேன். பதினொன்றிலும் கசப்பு இருப்பதாகத்தான் வருகிறது. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாக வாங்கி மறுபடியும் செய்தேன். அதே முடிவு.

மே மாத மாநாட்டில் இந்தச் சோதனையைப் பற்றிப் பேச என் பேராசிரியை என்னைத்தான் அனுப்புகிறார். இனி யாரும் ஆயிரக்கணக்கில் இலையைக் கடிக்க வேண்டாம், ஒரு துணுக்கு அனுப்பினால் போதும் என்று நான் அங்கே சொல்ல வேண்டும். ஒப்பந்தம் நீள்வதும் அதைப் பொறுத்துத்தான். இந்த நேரம் பார்த்து இப்படி. ஜன்னலைத் திறந்தால் குளிர்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. திறந்தும் மூடியும் பொழுது போகிறது.

இன்னொரு தடவை கடித்துப் பார்க்கிறாயா? இல்லாவிட்டால் வேறு யாரையாவது கடிக்கச் சொல்.

உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 6

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கடித்துப் பார்த்தேன். கசக்கவில்லை. வேறு யாரையும் கடிக்கச் சொல்வதாக இல்லை.

இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது சமையலறைச் சுவரில் ஈரம் இருக்கிறது என்றேன். நீங்கள் ஓர் எஞ்சினியரைக் கூட்டிவந்து கேட்டீர்கள். அத்தைக்குக் காது மந்தமாகிறது என்றேன். டாக்டர் சொன்ன பிறகுதான் உங்களுக்கு அது உறைத்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். நான் சொன்ன எதையாவது, சொன்னது நான் என்பதற்காக நம்பியிருக்கிறீர்களா?

உங்கள் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கசப்பு ஜீனை நேராகப் பார்ப்பதில்லை. அதற்கு அடுத்த வீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறது. அங்கே விளக்கு எரிந்தால் இங்கேயும் ஆள் இருப்பதாக வைத்துக்கொள்கிறீர்கள். இத்தனை நாள் அது சரியாக இருந்திருக்கலாம். இந்தப் பதினொன்றில் மட்டும் ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

செடிகளைத் தோட்டத்தில் நட்டாயிற்று. துறைத் தலைவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். காய்த்ததும் வெளியாட்களை அழைத்துவந்து சுவை பார்க்கப் போகிறார். மாநாட்டில் உங்களுக்குத் தோன்றியதைப் பேசிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆராய்ச்சியாளர், வெள்ளரிப் பிரிவு


மே 10

என்னங்க,

உங்கள் அறைக்குப் போன் செய்தேன். மாநாட்டுக்குக் கிளம்பிவிட்டதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். எந்த ஓட்டல் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்று சுவை பார்க்க வந்தார்கள். காய்களை நானே பறித்துக் கழுவி வட்டம் வட்டமாக அரிந்து தட்டில் அடுக்கினேன். தலைவர் முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பையில் கைக்குட்டையைத் தேடினார். கூட வந்த இரண்டு பேர் ஓரமாகப் போய்த் துப்பியேவிட்டார்கள்.

நான் விடவில்லை. அடுத்த செடியின் காயை அரிந்து தின்றேன். அதற்கடுத்ததையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னம்மா, உனக்குக் கசக்கலையா?”

“இல்லையே சார்.”

அவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நட்டிருந்த பழைய கசப்பு ரகம். அதிலிருந்து ஒரு காயைப் பறித்து வந்து, “இதக் கடி” என்றார்.

கடித்தேன். அதுவும் கசக்கவில்லை.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். நாக்கில் ருசி மொத்தமாகப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கியிருக்கிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். காபிப்பொடிக் கடைக்காரரை வீணாகத் திட்டியிருக்கிறேன்.

உங்கள் சோதனைதான் சரி. பதினொன்றும் கசப்புதான். மேடையில் தைரியமாகச் சொல்லுங்கள். ஐயோ, இது எப்போது உங்கள் கைக்கு வரப்போகிறதோ.

வாயாடி


மே 11

அன்புள்ள வாயாடிக்கு,

ஓட்டல் அறையில் கிடைத்த தாளில் எழுதுகிறேன். இன்று மதியம் பேசிவிட்டேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. பதில் எழுத உட்காருவேன், இரண்டு வரியில் எழுந்துவிடுவேன். நீ சுவரையும் அம்மாவின் காதையும் மட்டும்தான் எழுதியிருந்தாய். நடந்துகொண்டே யோசித்தபோது எனக்கு இன்னும் நிறைய ஞாபகம் வந்தது. எல்லாவற்றிலும் நீ சொன்னதுதான் சரி. எல்லாவற்றிலும் நான் இன்னொருவரைக் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றிலாவது கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த வீட்டு விளக்கு விஷயத்துக்கும் என்னிடம் பதில் இல்லை.

அதனால் மேடையில் சொன்னேன்: “இந்தச் சோதனைய நம்பி யாரும் செடியப் பிடுங்கிடாதீங்க. இது கசப்புன்னு சொன்ன பதினொரு செடிய என் மனைவி கடிச்சுப் பாத்து, கசக்கலைன்னு சொல்றாங்க. அவங்க நாக்கு தப்பாது. தப்பு என் சோதனையிலதான்.”

பேராசிரியை எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் படிக்கட்டில் பிடித்து நிறுத்தி, “அப்படின்னா உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் எதுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் கடைசியில் வந்துவிடுவேன். வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று பசித்துச் சாப்பிட்டேன்.

உன்னை நம்புகிற,
உம்மணாமூஞ்சி


மே 24

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் ஓட்டல் கடிதம் நேற்று வந்தது. என்னுடையது இதற்குள் உங்களிடம் வந்திருக்கும். படித்துவிட்டு எப்படி இருந்தீர்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். எண்ணைச் சுழற்றத் துணிவு வரவில்லை.

உங்கள் பேராசிரியைக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். பழுது என் நாக்கில்தான், உங்கள் சோதனையில் இல்லை என்று விவரமாக எழுதி, டாக்டர் கொடுத்த சான்றையும் வைத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்ற எதையும் பூசி மெழுகாதீர்கள். அவர் உங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டால் இருங்கள், நான் லீவு போட்டு அங்கே வருகிறேன். எடுத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் இங்கே வாருங்கள். அதே கலப்பில் முளைக்கப்போடாத விதை இன்னும் கிடக்கிறது. இனி கடிக்க என்னால் ஆகாது. உங்கள் சோதனையைத்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். தோட்டத்தில் ஆட்கள் அந்தப் பதினொரு கொடிகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் தபால் வந்தது. வரப்பில் நின்றபடியே பிரித்தேன். படித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன் போலிருக்கிறது. தலைவர் பதறிப்போய் ஓடிவந்தார்.

“என்னம்மா, ஏதாவது கெட்ட சேதியா?”

“இல்ல சார்,” என்றேன். “எங்க வீட்டுக்காரர் நான் சொன்னத நம்பிட்டாராம்.”

உங்கள்,
மனைவி