கடைசி ஆளுக்குப் பின்னால் துடைப்பம்

ஹேல்வாட்ன்,
25 ஆகஸ்ட் 1996

அன்புள்ள எய்லிஃபுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன்னைக் கேட்டால் "பரவாயில்லை" என்று முடித்துவிடுவாய். அதனால் முழங்காலையே நேரடியாகக் கேட்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போன முழங்கால் அது. மோல்டேயில் உன் தங்கை சொல்வெய்க் அதற்கு என்னதான் சமைத்துப் போடுகிறாளோ, கிளம்பவே மனசு வரவில்லை போலிருக்கிறது.

இங்கே எல்லாம் வழக்கம்போல. முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள், அவள் வேலையும் என் தலையில். சாயங்காலம் வந்து விறகு பிளக்கிறேன். நான் பிளக்கிற விறகு அடுப்புக்குள் போகாது, படகு கட்டலாம். நீ பார்த்தால் சிரிப்பாய். சிரிக்கமாட்டாய், மீசையைத் தடவிக்கொள்வாய்.

நேற்று ட்ரூல்ஸ் வந்தான். ஏரி ஓட்டம் இந்த வருஷமும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைதான். வாத்தியார் இல்லையா, வகுப்பெடுக்கிற மாதிரியே நின்றுகொண்டு பேசினான்.

"எய்லிஃபால ஓட முடியாட்டி போகுது, குன்வோர். துடைப்பத்தையாவது பிடிக்கச் சொல்லு."

"வீட்டுலயே அவன் துடைப்பம் பிடிச்சதில்ல. அரை மாரத்தான் தூரத்துக்கா பிடிக்கப்போறான்?"

விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் உன்னைத் தவிர அதை யார் ஒழுங்காகச் செய்வார்கள்? அந்தப் பிர்ச் மரக் குச்சித் துடைப்பத்தைக் கட்டியவன் நீ, அதற்குச் சட்டம் போட்டவனும் நீ. கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வரவேண்டும், முந்தக் கூடாது, "போதும், நிறுத்து" என்று வாயைத் திறக்கக் கூடாது. நிறுத்துகிறவர் தானாகத் தன் நம்பர் துணியைக் கழற்றிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஏன் என்று கேட்காமல், துடைப்பக்காரர் தன் மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, கார் வரும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும்.

உன் ஏழாம் நம்பர் துணியை ட்ரூல்ஸ் கொடுத்தான். வேறு யாருக்கும் அது கிடையாதாம். இதோடு வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்டு வந்து சேர்.

உன்
குன்வோர்


மோல்டே,
4 செப்டம்பர்

குன்வோர்,

கடிதமும் துணியும் கிடைத்தன. முழங்கால் பரவாயில்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் நடக்க அது தாங்காது. இந்த வருஷம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாள நாடாக்கள் படகுக் கொட்டகையில், வலைகளுக்குப் பின்னால். திரும்புகிற இடத்துப் பீப்பாயை எப்போதும்போல ஷூர் தன் பால் கேன்களை வைக்கிற பால்மேடைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். தூரம் சரியாக இருக்கும். சக்கரம் உருட்டி நானே அளந்தது.

விறகை நிற்க வைத்து வெட்டு, படுக்க வைத்து அல்ல.

எய்லிஃப்


ஹேல்வாட்ன்,
15 செப்டம்பர்

அன்புள்ள எய்லிஃபுக்கு,

நிற்க வைத்து வெட்டினேன். விறகு நின்றது, நான் விழுந்தேன்.

துடைப்பத்தை நானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டேன். ட்ரூல்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடைசி ஆள்தான் உன்னைக் கூட்டிக்கிட்டு வரணும் போலிருக்கு" என்கிறான். அவனுக்கு இந்த வருஷமாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லி என் காதைத் தின்கிறான்.

ராத்திரி இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி அடுக்குகிறேன். வயசாகிறது, வேறொன்றுமில்லை. ஓட்டத்தன்று காலைப் பேருந்து ஒன்பதுக்கெல்லாம் இங்கே வந்துவிடும், உனக்கே தெரியும். ஓட வேண்டாம், நடக்க வேண்டாம். சூப்பு அண்டாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு, போதும்.

உன்
குன்வோர்


ஹேல்வாட்ன்,
6 அக்டோபர்

அன்புள்ள எய்லிஃபுக்கு,

கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஓட்டம் முடிந்து ஒரு வாரமாகிறது, இன்னும் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். ஒன்பது மணிப் பேருந்தை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே, பார்த்தேன். ஒரு சைக்கிள் மட்டும் இறங்கியது.

ஏரி அன்று அசையவே இல்லை. கரையெல்லாம் மஞ்சள், மேலே உச்சியில் புதுப் பனி. வெளியூர்க்காரர்கள் ஓடுவதை விட்டுவிட்டு நின்று படம் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ராக்னாவின் முதுகுதான். ஆமாம், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ராக்னாதான். "பஸ் இல்லாம உங்களால கடைக்குக்கூடப் போக முடியாது" என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம், ரோஷத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். கிளம்பின நிமிஷத்திலிருந்து அவள்தான் கடைசி.

"குன்வோர், உன் துடைப்பம் என் பிடரியில மூச்சு விடுது."

"அது என் மூச்சு, ராக்னா. துடைப்பம் நல்லாத்தான் இருக்கு."

"தினம் இதே ரோட்டுலதான் பஸ் ஓட்டுறேன். இவ்ளோ மேடு இருக்குன்னு அது ஒருநாளாவது சொல்லுச்சா பாரு!"

தேவாலயத்துப் பக்கம் மதில்மேல் உட்கார்ந்துவிட்டாள். கை மெல்ல நம்பர் துணியின் ஊசிக்குப் போனது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏதாவது சொல்லேன்."

"சொல்லக் கூடாது."

"ஊர்ல எல்லாத்துக்கும் வாயத் திறக்கற. இதுக்கு மட்டும் சட்டமா?"

அந்தக் கோபத்திலேயே எழுந்து நடந்தாள். உன் சட்டத்துக்கு அப்படியும் ஒரு பலன் இருக்கிறது.

பீப்பாய் வந்தது. ராக்னா அதைச் சுற்றித் திரும்பிவிட்டாள். என் கால் திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் அளந்து முடித்துவிட்டு நீ ரொட்டி தின்கிற அந்தத் தட்டைப் பாறை, அதன்மேல் சாய்ந்த சிவப்புப் பழ மரம், இரண்டும் கண்ணிலேயே படவில்லை. பீப்பாய்க்குப் பக்கத்தில் பால்மேடை இருந்தது. அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. அப்புறம்தான் உறைத்தது. ஜூலையில் ஷூர் பால்மேடையை டிராக்டரில் கட்டி இழுத்து, வளைவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டான், போகிற வருகிறவர்களுக்குக் கிழங்கு விற்க. ஊருக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது.

"பீப்பாய் தப்பான எடத்துல இருக்கு. தூரம் குறையுது" என்றேன்.

"நல்லதாப் போச்சு, வா."

"வா" என்றேன் நானும்.

நான்கடி வைத்தவள் நின்றாள். மேட்டைப் பார்த்தாள். பேருந்து ஓட்டுகிறவர்கள் மட்டும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"பசங்ககிட்ட முழுசா ஓடுவேன்னு சொல்லியிருக்கேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனா திங்கக்கிழமை கண்ணாடியில அதுங்க மூஞ்சியப் பார்த்துத்தானே பஸ்ஸ ஓட்டணும்?"

வளைவு தாண்டி மேடேறிப் போய், உன் பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். அவள் இரண்டு கையாலும் தட்டினாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் ஒரே கொண்டாட்டம். அத்தனை பேரும் வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமாக ஓடியதில்லையாம். ட்ரூல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டான். என்னைத் தூக்கிச் சுற்றினான், ஐயோ பாவம், அவன் முதுகு. "பன்னெண்டு வருஷம், குன்வோர்!" என்று அழுதான். ஷூரைத் தனியாகப் பிடித்தேன்.

"பால்மேடகிட்ட வைன்னீங்க, வெச்சேன்."

"மேடையத்தான் நீ நகர்த்திட்டியே!"

"அது கெழங்குக்காக நகர்த்தினது. ஓட்டத்துக்காகவா நகர்த்தினேன்?"

இவனிடம் என்ன பேசுவது? கரண்டியை எடுத்து அண்டாவைக் கிளறினேன். ராக்னா ஒரு மூலையில் சூப்பு குடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் சொல்கிற ஆளில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்போது ட்ரூல்ஸ் மைக்கில், "நம்ம ஓட்டத்துல இதுவரைக்கும் வந்தவங்கள்லயே மெதுவான ஆளு, ராக்னா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், காதெல்லாம் சிவந்துபோய்.

மைக்கைப் பிடுங்கினேன். "இன்னிக்கி முழு தூரம் ஓடினது இங்க ஒருத்திதான். அதோ, சூப்பு குடிக்கிறா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்த பக்கத்துப் பள்ளத்தாக்கு எலக்ட்ரீஷியன் எழுந்துபோய், பரிசாக வாங்கிய உப்பிட்ட ஆட்டுத்தொடையை ராக்னாவின் மடியில் வைத்தான். ட்ரூல்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். என்னால் அவனைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலை மழையில் ஒரு ஆள் ஓடுவது தெரிந்தது. ட்ரூல்ஸ். பீப்பாயிலிருந்து உன் பாறைவரை, பாறையிலிருந்து பீப்பாய்வரை.

"இன்னிக்கு ஓடறது நேத்தியோட ஒட்டாது, ட்ரூல்ஸ்."

"தெரியும். காலுக்குத் தெரியணும்ல, முடிச்சோம்னு."

மத்தியானத்துக்குள் பாதி ஊர் அந்த மேட்டில், விட்டுப்போன தூரத்தை ஓடிக்கொண்டிருந்தது. ட்ரூல்ஸ் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, புதன்கிழமை ஒரு வண்டி விறகு கொண்டுவந்து போட்டான், அழகாகப் பிளந்து.

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது, எய்லிஃப், ஆனால் உடம்பு முழுக்க அசதி. இந்தக் கால்வலி இல்லை, வேறு ஏதோ. நீ ஊரில் இருந்திருந்தால் மேடை நகர்ந்தது உனக்குத் தெரிந்திருக்கும். வந்து பார். பாறை அங்கேயேதான் இருக்கிறது.

உன்
குன்வோர்


மோல்டே,
14 அக்டோபர்

குன்வோர்,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ட்ரூல்ஸும் தொலைபேசியில் சொன்னான், கோபமாக ஆரம்பித்துச் சிரித்துக்கொண்டே முடித்தான். மைக் முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

முழங்கால் ஜூன் மாதமே சரியாகிவிட்டது. தினமும் துறைமுகம்வரை நடக்கிறேன், காலையில் படகுப் பட்டறையில் வேலையும் செய்கிறேன். நீயும் கடிதங்களில் முழங்காலைக் கேட்டாய். எனக்கு அது வசதியாக இருந்தது, முழங்காலே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு யாரும் இல்லை. உன் கேலியும் காரணமில்லை, சில நாள் அது இல்லாமல் இங்கே மௌனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மௌனத்தில் நான் தூங்குகிறேன். வீட்டில் பல வருஷமாக, எழுந்திருக்கும்போதே களைப்பாக இருந்தேன். அடுத்த வளைவில் சரியாகும், அதற்கடுத்ததில் சரியாகும் என்று ஓடிப் பார்த்தேன். நீ பின்னாலேயே வந்தாய், ஒரு தடவைகூட நிறுத்து என்று சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

துணியை இதோடு வைத்திருக்கிறேன்.

எய்லிஃப்


ஹேல்வாட்ன்,
20 அக்டோபர்

அன்புள்ள எய்லிஃபுக்கு,

துணி வந்து சேர்ந்தது. நான்கு ஊசியையும் மூலைக்கொன்றாகக் குத்தி அனுப்பியிருக்கிறாய். உன் ஒழுங்கு.

ஏன் என்று கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்கவில்லை. இரண்டு நாள் அடுப்பைத் தேய்த்தேன், இப்போது அதில் முகம் பார்க்கலாம். பார்த்தேன், பெரிதாக ஒன்றுமில்லை.

துடைப்பக்காரி தன் மேலங்கியைக் கொடுக்க வேண்டும். என்னுடையதற்குள் உன் தோள் நுழையாது. அதனால் உன்னுடைய சாம்பல் நிறக் குளிர்கால அங்கியைக் கட்டி ராக்னாவிடம் கொடுத்திருக்கிறேன். மோல்டே பேருந்து ஓட்டுநர் அவளுக்குத் தெரிந்தவன், வெள்ளிக்கிழமை சொல்வெய்க் வீட்டு வாசலிலேயே தருவான். அறுந்திருந்த பொத்தானைத் தைத்துவிட்டேன். பையில் கையுறை இருக்கிறது, இரண்டும் ஒரே ஜோடிதான், சரிபார்த்தேன்.

ஏழாம் நம்பரை எடுத்து வைக்கட்டுமா என்று ட்ரூல்ஸ் கேட்டான். ராக்னாவுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். பாறையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். இனி ஷூர் எதை எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் கவலையில்லை. பாறையை இழுக்க முடியுமா என்று அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கதை.

நிறுத்தியவரைக் கார் ஏற்றிக்கொண்டு போனதும் துடைப்பம் அங்கேயே நிற்கக் கூடாது, முடிவுக் கோடுவரை நடந்தே வந்து சேர வேண்டும். அதுவும் நீ போட்ட சட்டம்தான். வருவேன், மெதுவாக.

அங்கே கடல் காற்று அதிகம். மேல் பொத்தானையும் போட்டுக்கொள்.

குன்வோர்